ரிப்பன் படிக்கும் சுபேதாரம்மா

பிள்ளைகளே, நேற்று கருட சேவைக் கூட்டத்தில் நீங்கள் மூன்று பேரும் சாமியைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். பந்தல் கால் ஓரமாக நின்றிருந்த கிழட்டுச் சிப்பாயின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "அப்பா, கலர் கலரா குத்திக்கினு இருக்கிறாரே, அது இன்னாப்பா?" என்று பெரியவன் கேட்டான். "அவங்க வீட்டுத் தறியில மிஞ்சின துண்டா?" என்றாள் சின்னவள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். ஆனால் இந்தக் கதையை வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு மூச்சு முந்திக்கொள்கிறது, கடைசியில் வரவேண்டியது முதலில் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

அந்தத் துண்டுக்குப் பெயர் ரிப்பன். பட்டாளத்துக்காரன் ஒரு சண்டைக்குப் போய் வந்தால் சர்க்கார் அவனுக்கு ஒரு மெடல் கொடுக்கும். ஒவ்வொரு மெடலும் ஒரு ரிப்பனில் தொங்கும். பர்மாச் சண்டைக்கு ஒரு கலர், சீனச் சண்டைக்கு ஒரு கலர். தினமும் மெடலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிய முடியாதல்லவா? அதனால் ரிப்பனில் மட்டும் சின்னத் துண்டு வெட்டிச் சட்டையில் தைத்துக்கொள்வார்கள். பார்க்கிறவனுக்கு அது கலர். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது எழுத்து. அப்படிப் படிக்கத் தெரிந்த ஒருவர் நம் தெருவிலேயே இருந்தார். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை.

எல்லோரும் அவரைச் சுபேதாரம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. புருஷர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். பெங்களூர், ராவல்பிண்டி என்று பட்டாளத்து லைன் வீடுகளிலேயே அம்மாவுக்குப் பாதி ஆயுள் போயிற்று. புருஷருக்கும், அவருக்குக் கீழே இருந்த சிப்பாய்களுக்கும் ரிப்பன் தைத்துக் கொடுத்தது அம்மாதான். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டையில் சுபேதார் பாஸ்ராவுக்குப் போனார்; திரும்பவில்லை. மெடல் மட்டும் தபாலில் வந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா பிள்ளையார்பாளையத்துக்கு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே தெரு அவரைத் தெரிந்துகொண்டது. நடையா அது! குடம் இடுப்பில் இருந்தாலும் கால் தாளம் தவறாது. கிணற்றடியில் பெண்கள் சண்டை போட்டால், "லைன்ல நில்லுங்கடி! ஜல்தி!" என்று ஒரே அதட்டல். சண்டை நின்று, வரிசை வந்துவிடும். ஆனால் ஒரு ரிப்பன் கண்ணில் பட்டுவிட்டால் போதும், அதே அம்மா கல்யாண வீட்டுக் குழந்தை மாதிரி ஆகிவிடுவார். முகத்தைப் பார்க்க மாட்டார், பெயர் கேட்க மாட்டார். நேரே நெஞ்சுக்குப் போய்விடுவார்.

ஒரு கருட சேவையில் நடந்ததைச் சொல்கிறேன். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய சிப்பாய் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா இந்தப் பக்கமிருந்து, "யோவ் பர்மாக்காரரே!" என்று கத்தினார். மேளச் சத்தத்தையும் மீறி அந்த மனிதர் துள்ளித் திரும்பினார்.

"சிவப்புல ரெண்டு நீலக் கோடு, பர்மா. பக்கத்துல சிவப்புக்கு மஞ்சள் ஓரம், சீனா. கப்பல்ல போனப்ப வாந்தி எடுத்தியா?"

"எடுத்தேம்மா, எடுத்தேன்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருந்தான் எடுத்தீங்க. சரி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரிப்பன் இருந்த இடம் காலியாக் கிடக்குதே, அது எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "பேரன் பம்பரத்துல கட்டிட்டாம்மா."

"பம்பரமாவது நல்லா சுத்துச்சா?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தார் பாருங்கள், கருடனே ஒரு தரம் திரும்பியிருக்கும்.

இன்னொரு நாள் சந்தையில் ஒரு லேகியக்காரன் நெஞ்சு நிறைய ரிப்பன் குத்திக்கொண்டு, பட்டாளத்தில் துரைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவன் என்று முழங்கிக்கொண்டிருந்தான். முப்பது வயதுதான் இருக்கும். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒவ்வொன்றாய் விரல் வைத்துப் பார்த்தார். "ஏ அப்பா! இவரு பொறக்கறதுக்கு முன்னாலயே காபூல் சண்டைக்குப் போயிட்டு வந்துட்டாரு! இன்னா பிள்ளைய்யா!" என்றார். அவ்வளவுதான். லேகியம் டப்பாக்களைச் சுருட்டக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ரிப்பன் விஷயத்தில் சுபேதாரம்மா ஒன்று சொன்னால் ஊரில் மறு பேச்சு கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

காபூல் என்றதும் நினைவு வருகிறது. பச்சை உடம்பு, இரண்டு பக்கமும் அரக்குக் கரை. நம் ஊரில் எத்தனை தறியில் அந்தப் புடவை ஓடுகிறது! ஒரு நாள் என் தறியில் அதைப் பார்த்துவிட்டு அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, இது ஆப்கானிஸ்தான் ரிப்பன்பா! எங்க மாமனாரு நெஞ்சுல இருந்தது! முழுப் பொம்பளையையும் சுத்துற அளவுக்கு நெய்து வெச்சிருக்கிறியே!" அன்றிலிருந்து எங்கள் தெருவில் அதற்குக் காபூல் புடவை என்றே பெயர். உங்கள் அம்மா இப்போதும் அப்படித்தான் சொல்கிறாள். ஏன் என்று நீங்கள் கேட்டதே இல்லை.

இனி உங்கள் அத்தை கல்யாணத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா போன பிறகு தங்கையின் கல்யாணம் என் தலையில் விழுந்தது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. நெசவுக் குடும்பம், ஒரே பிள்ளை. பெரிய சண்டைக்குப் போய்விட்டு வந்து, மறுபடி தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர். ஆம், உங்கள் மாமாதான்! பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குத் தலையாட்டுவாரே, அவரேதான்! அவர் பட்டாளத்துக்குப் போனவர் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை அல்லவா? அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வினையாயிற்று.

என் தாய்மாமன் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். "சண்டை போட்டவன் சும்மா இருப்பானாடா? ஊரைக் கூட்டிவெச்சுப் பேசமாட்டான்? இவன் வாயே தெறக்கல. பட்டாளத்துல கழுதை மேய்ச்சிருப்பான். இல்லைன்னா பாதியில ஓடியாந்திருப்பான். ஓடியாந்தவனுக்கு நம்ம பொண்ணா?"

ஊரிலும் அப்படி ஒரு பேச்சு இருந்தது. யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியாது. நான் குழம்பிப்போய்த் தங்கையிடமே கேட்டேன். அவள் அவரைப் பட்டு நூல் கடையில் ஒரு தரம் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். தறிக்குப் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "ஓடியாந்தவருன்னா எனக்கு வேணாம்ணா. ஆனா எவனோ சொன்னான்னு வேணாம்னு சொல்லாதீங்க. சுபேதாரம்மா பார்த்துச் சொல்லட்டும். அவங்க சொன்னா சரி."

இதைப் போய் அம்மாவிடம் சொன்னேன். முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "மெடலோட வரச் சொல்லுப்பா! பையில வெச்சிக்கினு இல்ல, நெஞ்சுல!"

நிச்சயதாம்பூலத்துக்கு அவர்கள் வந்தார்கள். கூடம் நிறைய மனிதர்கள். தாம்பூலத் தட்டு நடுவில் இருந்தது. மாப்பிள்ளை கறுப்புக் கோட்டு போடாமல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நெஞ்சில் மூன்று மெடல், பளபளவென்று. தோளில் ஒரு பட்டுத் துண்டு. பக்கத்தில் அவர் அம்மா. ஒடிசலான உடம்பு, மகன் கையை விடவேயில்லை.

என் மாமன் ஏற்கெனவே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நல்ல காரியத்தில் தாலி இழந்தவர் முன்னால் வந்து நிற்கக்கூடாது, சமையலறை வாசலிலிருந்து பார்த்துச் சொல்லட்டும் என்று. அம்மா அதற்குச் சரி என்றிருந்தார். தங்கையும் அவரும் அந்த வாசலில்தான் நின்றார்கள். ஆனால் மெடலைப் பார்த்த பிறகு நிபந்தனையாவது ஒன்றாவது! நாலே எட்டில் மாப்பிள்ளை எதிரில் வந்து நின்றுவிட்டார்.

"நட்சத்திர மெடல்! சிவப்பு, வெள்ளை, நீலம், ஒண்ணுல ஒண்ணு கரையுற மாதிரி!" என்று ஆரம்பித்தார். "இது சண்டை மூண்ட முதல் ரெண்டு வருசத்துக்குள்ள போனவனுக்குத்தான் கிடைக்கும். கூப்பிட்டப்ப முதல்ல போயிருக்கிறாரு பெரியவரே, முதல்ல!" என் மாமன் மீசையைத் தடவினார். "அதோ அந்த ஓரத்துல வானவில்லு. அது ஜெயிச்சு முடிச்சதுக்கு. கடைசி வரைக்கும் இருந்தவரு. நடுவுல..."

நடுவில் இருந்ததைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

பிள்ளைகளே, சுபேதாரம்மா பாதி வாக்கியத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். நடு மெடலின் ரிப்பனில் மத்தியில் ஆரஞ்சு, இரண்டு பக்கம் வெள்ளை, பிறகு மெல்லிய அரக்குக் கோடு, ஓரத்தில் நீலம். எனக்கு அழகாகத்தான் இருந்தது.

"இது எந்த சர்க்கார் ரிப்பனும் இல்ல," என்றார். குரலே அவருடையதாக இல்லை.

"கேட்டீங்களா!" என் மாமன் துள்ளி எழுந்தார். "சந்தையில வந்த லேகியக்காரன் மாதிரி! வேசம்! தட்டை எடுடா!" யாரோ தாம்பூலத் தட்டை இழுத்தார்கள். வெற்றிலை சிதறியது. அந்தப் பக்கத்து ஆட்களும் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறை வாசலில் தங்கை கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஹால்ட்!" என்று ஒரு குரல். கூடமே நின்றது. என் மாமன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார் என்றால் நம்புவீர்களா?

அம்மா அந்த ரிப்பனை இரண்டு விரலால் பிடித்து உருட்டிப் பார்த்தார். "இது சீமை ரிப்பன் இல்ல. நம்ம ஊரு பட்டு. முறுக்கு தெரியுது. யாரு நெய்தது இதை?"

 மாப்பிள்ளையின் அம்மாதான் முன்னால் வந்தார். 

"நான்தாம்மா. பழைய ரிப்பன் கந்தலாப் போயிருந்துச்சு. அதுல ரெண்டு கறுப்புக் கோடு இருந்துச்சும்மா. நல்ல காரியத்துக்குப் போறோம், கறுப்பைக் கட்டிக்கினு போலாமா? அதான் கறுப்பை எடுத்துட்டு அரக்கு இழை போட்டு நெய்தேன். எம்மகன் வேணாம்னுதான் சொன்னான். நாந்தான் கேக்கல."

 நெசவுக்காரர்கள் நாம். முகூர்த்தப் புடவையில் கறுப்பு இழை ஒன்று கலந்துவிட்டால் தறியை நிறுத்திப் பிரித்தெடுக்கிறவர்கள். அந்த அம்மா செய்ததை எங்கள் வீட்டில் யாராயிருந்தாலும் செய்திருப்போம்.

"அதெல்லாம் சொல்லலாம்," என்றார் என் மாமன். "கறுப்பு இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

சுபேதாரம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். பாக்குக்கு அடியிலிருந்து ஒரு மெடல் வந்தது. அதே வெள்ளி, அதே ராஜா தலை. ரிப்பனிலும் அதே ஆரஞ்சு, அதே வெள்ளை, அதே நீலம். இரண்டு பக்கமும் வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு, மயிர்க்கோடு மாதிரி.

"இது என் ஊட்டுக்காரரோடது," என்றார். "தினமும் பார்க்கிறேன். வேற யாரோட நெஞ்சுல இருந்தாலும் எனக்குத் தெரியும். இன்னைக்கு இவரு நெஞ்சுல பார்த்தப்ப அந்தக் கோட்டைக் காணோம். யாரோ என் ஊட்டுக்காரரை மட்டும் அதுலேர்ந்து தூக்கிட்டா மாதிரி இருந்துச்சு. அதான் அப்படிச் சொல்லிட்டேன்." பிறகு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, "நீ பண்ணது தப்பில்லம்மா. ஆனா குழந்தை இடுப்புல கறுப்புக் கயிறு கட்டுறோமே, அது எதுக்கு? நல்லதுக்குத்தானே?" என்றார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இவரு நடு மெடலோட விளிம்பைப் படி. சர்க்கார் மெடல்னா விளிம்புல பேரு வெட்டியிருக்கும்."

மெடலின் விளிம்பில் இங்கிலீஷ் எழுத்து, எறும்பு வரிசை மாதிரி. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். முதலில் நம்பர். பிறகு சிப்பாய். பிறகு, சாமி சத்தியமாக, உங்கள் மாமா பெயர்!

"சிப்பாய்! சுமை தூக்கின கூலி ஆளுங்களுக்கும் கழுதைக்காரனுக்கும் இதே மெடல் வெண்கலத்துல வரும். இது வெள்ளி! துப்பாக்கி தூக்கினவரு!" அம்மாவின் பழைய குரல் வந்துவிட்டது. ஆனால் அதோடு விட்டாரா? கண்ணை இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் தோளைப் பார்த்தார். "ஏம்மா, கறுப்பை எடுத்தேன்னியே, வேற எதையாவது மறைச்சியா? துண்டு ஏன் அந்தப் பக்கம் மட்டும் புடைச்சிக்கினு இருக்குது?"

அந்தத் தாய் மகனைப் பார்த்தார். "அது ஓரமெல்லாம் கருநீலம்மா. தூரத்துலேர்ந்து பார்த்தா கறுப்பு மாதிரியே தெரிஞ்சுது. அதான் துண்டுக்குள்ள..."

சுபேதாரம்மா துண்டை விலக்கினார். அடியில் நான்காவது மெடல். ஓரம் இரண்டும் கருநீலம், நடுவில் அரக்குச் சிவப்பு.

நான் அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வெளிச்சம் ஒரு முகத்தில் வந்து நான் மறுபடி பார்த்ததில்லை.

"இதையா கடைசியில தொங்கவுட்ட? இதையா மறைச்ச? எல்லாத்துக்கும் முன்னால குத்தவேண்டியது! அத்தனை வருசம் லைன்ல இருந்தேன், இதை ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தைச்சேன். இது போனதுக்கு, வந்ததுக்குக் கொடுக்கிற மெடல் இல்லய்யா! சண்டையில உசிரைப் பணயம் வெச்சு ஒண்ணு செய்தவனுக்குக் கொடுக்கிறது! தம்பி, பின்னால திருப்பிப் படி!"

திருப்பினேன். முதல் வார்த்தை 'ஃபார்' என்று படித்துவிட்டேன். அடுத்த வார்த்தை தாமல் ஏரி மாதிரி நீண்டு கிடந்தது. பாதியில் மூழ்கிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் வீடு மறுபடி நல்ல காரிய வீடாயிற்று.

"இன்னா செய்தேப்பா?" என்று அம்மா கேட்டார். முதல் தடவையாக, ரிப்பன் குத்திய ஒருவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "ஆத்துல படகு கட்டிப் பாலம் போட்டோம். சுட்டுக்கினே இருந்தாங்க. கயிறு அறுந்துச்சு. நான் ரெண்டு முனையையும் பிடிச்சு முடிச்சு போட்டேன்." கொஞ்சம் யோசித்து, "இழை அறுந்தா முடிச்சு போடுறதுதானே நம்ம வேலை," என்றார்.

அன்று அவர் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அதைவிட நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

சுபேதாரம்மா குதிகாலைச் சேர்த்தார். முதுகு நிமிர்ந்தது. கை நெற்றிக்குப் போனது. சமையலறை வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லப்பட்டவர், நட்ட நடுக் கூடத்தில் நின்று மாப்பிள்ளைக்குச் சலாம் வைத்தார். மாப்பிள்ளையும் விறைத்து நின்று பதில் சலாம் வைத்தார். பிறகு அம்மா என் மாமனிடம் திரும்பி, "தட்டை எடுங்க பெரியவரே. கழுதை மேய்ச்சவரு எவ்வளவு நேரம் காத்துக்கினு இருக்கிறது?" என்றார். மாமன் தரையில் கிடந்த வெற்றிலையைத் தானே குனிந்து பொறுக்கினார். கதவுக்குப் பின்னால் உங்கள் அத்தை சிரித்த சத்தம் கேட்டது.

எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் சுபேதாரம்மாவிடம், "கல்யாணத்தன்னைக்கு நீங்க முன்னால நின்னு நடத்தித் தரணும்மா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"போப்பா," என்று சிரித்தார். "கறுப்பு இழையையே உள்ள வுடாதவங்க என்னையா வுடப்போறாங்க? இன்னைக்கு ஒரு நாள் தாண்டினதே போதும். ஊர்கோலம் தெருவுல வரும் இல்ல, அப்ப பார்த்துக்கறேன். நாலும் வரிசையா இருக்குதான்னு மட்டும் பார்க்கணும் எனக்கு." வருத்தமாகச் சொல்லவில்லை. அவசரமாகச் சொன்னார், நான்கு மெடலையும் எந்த வரிசையில் குத்தவேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஓடினார். கறுப்புக் கோடு பற்றி மட்டும் அதற்குமேல் வாதாடவில்லை. கல்யாணத்துக்கு அரக்குக் கோடுதான் என்று ஆயிற்று.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் சுபேதாரம்மாவின் அண்ணன் குடும்பம் பெங்களூருக்குப் போனது. அம்மாவும் கூடப் போனார். அங்கேயே காலமாகிவிட்டதாகச் செய்தி வந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. உங்கள் அத்தையின் முகூர்த்தப் புடவையை என் தறியில்தான் நெய்தேன். என்ன புடவை என்று கேட்கவே வேண்டாம், காபூல் புடவை. நெசவு ஆரம்பித்த அன்று காலை வீட்டில் எல்லோரும் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். இடுப்பில் செருகுகிற உள்முனை, யார் கண்ணிலும் படாத இடம். அங்கே நாலு விரற்கடை பச்சை நெய்திருந்தேன். சாயக்காரர் வீட்டில் கேட்டு வாங்கி வந்த கறுப்புப் பட்டு இழையை, குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாக் கட்டையில் போட்டேன். வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். நாடாவை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை போகவிட்டு, பலகையை இழுத்து நன்றாக அடித்தேன். பிறகு மறுபடி பச்சை இழையை எடுத்தேன்.